மாத்திரையும் மணியும்

நம் வீடுகளில் மருந்துக்கு வேளை சொல்வது மூன்றே சொற்களில் முடிந்துவிடுகிறது: காலை, பகல், இரவு. 'சாப்பாட்டுக்குப் பின் ஒன்று' என்று டாக்டர் சொல்லியிருந்தால், எட்டு மணிக்குச் சாப்பிட்டாலும் பத்து மணிக்குச் சாப்பிட்டாலும் அது பின்தானே என்று திருப்தி அடைகிறோம். அநேக நோய்கள் இந்தத் தாராளத்தைப் பொறுத்துக்கொள்ளும். பொறுக்காத நோய்களும் உண்டு. அவற்றுள் ஒன்று நடுக்குவாதம். பள்ளிக்கூடத்து மணியைக்கூட ஏமாற்றலாம். இந்த நோயின் மணியை ஏமாற்ற இயலாது.

1817-ம் வருஷத்தில் லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்ஸன் இதை விவரித்து எழுதினார். அதனால் அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. நம் ஆயுர்வேதத்தில் 'கம்பவாதம்' என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இதை ஒத்ததே. கை நடுங்கும், உடல் விறைக்கும், நடை குறுகும், குரல் தாழும். மூளையின் உட்பகுதியில் டோபமின் என்னும் ரசாயனத்தை உண்டாக்கும் அணுக்கள் சிறிது சிறிதாக அழிவதே காரணம். டோபமினை அப்படியே மாத்திரையாகக் கொடுத்தால் அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் புகுவதில்லை. ஆகவே, உள்ளே புகுந்து டோபமினாக மாறக்கூடிய லெவோடோபா என்னும் மருந்தைக் கொடுக்கிறார்கள். 1937-ம் வருஷத்திலேயே, தாமோதரன், ராமஸ்வாமி என்னும் இரு விஞ்ஞானிகள் நம் சென்னையில் பூனைக்காலி விதையிலிருந்து இதே பொருளைப் பிரித்தெடுத்து வெளியிட்டார்கள் என்பது நாம் நினைவில் வைக்கத்தக்க செய்தி. அது நடுக்குவாதத்துக்கு மருந்தாக வழக்கத்தில் வர மேலும் முப்பது வருஷம் சென்றது.

இந்த மருந்துக்கு ஆயுள் மிகக் குறைவு. துணை மருந்தாகிய கார்பிடோபாவோடு சேர்த்துக் கொடுத்தாலும், சுமார் ஒன்றரை மணி நேரத்தில் இரத்தத்திலுள்ள லெவோடோபா பாதியாகிவிடுகிறது. நோயின் ஆரம்பத்தில் மூளை கொஞ்சம் சேமித்து வைத்துக்கொள்ளும். வருஷங்கள் செல்லச் செல்ல அந்தச் சேமிப்பு போய்விடும். மூன்று நான்கு மணிக்கு ஒரு முறை மாத்திரை வந்தாக வேண்டும். எங்கள் ஆரணியில் பட்டுத்தறி பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. நாடாவுக்குள் இருக்கும் தாரில் நூல் தீர்ந்தால், நெய்கிறவர் எவ்வளவு கெட்டிக்காரராயினும் நெசவு நின்றுபோகும். சரியான சமயத்தில் வேறு தார் மாற்றினால்தான் புடவை வளரும்.

இது நிற்க. இப்படி 6 மணி, 10 மணி, 2 மணி, 6 மணி என்று வீட்டில் ஒழுங்காக மருந்து உண்டு, மெல்ல நடந்து, தாமே குளித்து, பேரனோடு பேசிக்கொண்டிருக்கும் ஒரு பெரியவரை எண்ணிக்கொள்ளுங்கள். அவர் இடறி விழுந்து தொடை எலும்பு முறிகிறது. வேலூருக்கோ சென்னைக்கோ கொண்டுபோய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். கவனமெல்லாம் எலும்பின் மேல் இருக்கிறது. நடுக்குவாத மாத்திரை, மருந்துச் சீட்டில் '1-1-1' என்று மூன்று எண்களாகச் சுருங்குகிறது. மருந்துத் தள்ளுவண்டி தன் வேளைக்கு வருகிறது. காலை ஆறு மணி மாத்திரை ஒன்பதுக்கு வருகிறது. இரண்டு மணி மாத்திரை வராமலே போகிறது.

மறுநாள் அவரால் படுக்கையில் புரள முடிவதில்லை. மூன்றாம் நாள் கஞ்சியை விழுங்க முடியாமல் புரையேறுகிறது. புரையேறியது நுரையீரலில் இறங்கிக் கபவாத ஜுரம் உண்டாகலாம். மருந்து திடீரென்று அடியோடு நின்றுவிட்டால், கடுங்காய்ச்சலும் உடல் விறைப்பும் புத்தித் தடுமாற்றமும் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாக முடிவதும் உண்டு. இவற்றிலெல்லாம் கொடுமை எது தெரியுமா? சுற்றி நிற்பவர்கள், "வயதாகிவிட்டது, ஆபரேஷனைத் தாங்கவில்லை" என்று சொல்லிவிடுவதுதான். போனது வயதினால் அல்ல, மணியினால் என்பது ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

குற்றம் யாருடையது? இரவும் பகலும் அத்தனை நோயாளிகளையும் கவனிக்கும் நர்ஸைக் குறை சொல்வது நியாயமன்று. செல்வம் மிக்க நாடுகளிலும் இக்குறை உண்டு. இங்கிலாந்தில் நடுக்குவாத நோயாளர்களுக்கான சங்கம், 'நேரத்துக்கு மருந்து' என்பதற்காகவே 2006-ம் வருஷத்தில் ஓர் இயக்கம் தொடங்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் குறித்த நேரத்திலிருந்து அரை மணிக்குள் மாத்திரை கொடுக்கப்பட வேண்டும் என்று 2018-ல் அந்நாட்டில் தரம் வகுத்தார்கள். நமக்கு அவர்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. நம் ஆஸ்பத்திரிகளில் நோயாளியோடு வீட்டார் ஒருவர் துணைக்கு இருக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. அந்தத் துணையாள் விஷயம் அறிந்தவராக இருந்தால் பாதி ஆபத்து விலகும்.

அவர் செய்ய வேண்டியவை என்ன? முதலாவது, ஒரு காகிதம். மருந்தின் பெயர், அளவு, எத்தனை மாத்திரை, எத்தனை மணி என்று தனித்தனியே எழுதியிருக்க வேண்டும். பெயர் மட்டும் போதாது. 'சின்டோபா' என்ற ஒரே பெயரில் 110 என்பதில் லெவோடோபா 100 மில்லிகிராம். 275 என்பதில் 250 மில்லிகிராம். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பூனைக்காலிச் சூரணத்தையும் மறைக்காமல் எழுதுங்கள். அதிலும் லெவோடோபா இருக்கிறது. மூளையில் மின்கருவி பொருத்தியிருந்தால் ஸ்கேன் எடுக்குமுன்பே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது, வீட்டிலுள்ள மாத்திரைகளை அட்டையோடு கொண்டுபோங்கள். அதே அளவு ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் உடனே கிடைக்கும் என்பது நிச்சயமில்லை. அவற்றை நாமே நேரத்துக்குக் கொடுக்க டாக்டரிடம் அனுமதி பெற வேண்டும். கொடுத்தவுடன் நர்ஸிடம் சொல்லிக் குறிக்கச் செய்ய வேண்டும். இல்லாவிடில் இரட்டை மாத்திரை ஆகிவிடும். தப்பிய மாத்திரைக்கு ஈடாக அடுத்த வேளை இரண்டாகக் கொடுப்பதும் கூடாது.

மூன்றாவது, ஆபரேஷன். 'வெறும் வயிறு' என்றால் மாத்திரையும் கூடாது என்று நாமே தீர்மானித்துவிடலாகாது. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரை முன்னதாகவே கேட்க வேண்டும். அநேகமாக, ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்க அனுமதிப்பார். விழுங்க இயலாதவருக்கு மூக்குக் குழாய் வழியாகவும் தோலில் ஒட்டும் மருந்தாகவும் வேறு வழிகள் உண்டு. மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை மட்டும் பொடிசெய்து கொடுக்கலாகாது.

நான்காவது, ஆகாத மருந்துகள். வாந்திக்குச் சாதாரணமாகப் போடும் மெட்டோகுளோப்ரமைட், புரோகுளோர்பெரசின் ஆகியவையும், பிதற்றலுக்குக் கொடுக்கும் ஹாலோபெரிடாலும் டோபமினையே தடுப்பவை. ஒரு பக்கம் தண்ணீர் இறைத்து மறுபக்கம் மடையை உடைப்பது போன்றது. ரசாஜிலின், செலிஜிலின் உண்பவருக்கு வலிக்குப் பெத்திடின், டிரமடால் கொடுப்பது அபாயம். இப்பெயர்களைக் காகிதத்தின் பின்புறத்தில் எழுதி வையுங்கள். மாற்று மருந்துகள் உண்டு. அவற்றைத் தேர்வது டாக்டரின் வேலை, நினைவூட்டுவது நம் வேலை.

சாப்பாட்டிலும் சிறு கவனம் தேவை. பால், முட்டை, பருப்பு போன்றவை மருந்து உடலில் சேர்வதைத் தடுக்கக்கூடும். ஆகவே உணவுக்கு அரை மணி முன்னதாக மாத்திரை கொடுப்பது நலம். இரும்புச் சத்து மாத்திரையையும் இதையும் ஒன்றாகக் கொடுக்க வேண்டாம்.

இவ்வளவையும் ஆஸ்பத்திரியில் எப்படிச் சொல்வது என்று சிலர் கூசுவார்கள். படித்தவர்களே பெரிய டாக்டர் முன்னால் வாயடைத்து நிற்பதைப் பார்க்கிறோம். "சிஸ்டர், அப்பாவுக்குப் பத்து மணி மாத்திரை பத்து மணிக்கே வேண்டும், தாமதமானால் விழுங்கவே முடியாமல் போய்விடும்" என்று பணிவாகச் சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள். கோபித்தாலும் பாதகமில்லை, மறுபடியும் பணிவாகவே சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் இந்த நோய் உள்ளவர் இருந்தால், காகிதத்தை இன்றைக்கே எழுதி அவருடைய டாக்டரிடம் ஒரு முறை காட்டிச் சரிபார்த்து, ஆதார் அட்டையும் காப்பீட்டு அட்டையும் இருக்கும் பையில் வைத்துவிடுங்கள். ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும்போது எழுத உட்கார முடியாது. எழுதும்போது மருந்தின் பெயரைவிட மணியைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.