அடுப்புத் தீ எல்லை மீறினால்...



தோட்டத்து வீடுகளுக்கும் எரிவாயு அடுப்பு வந்துவிட்டது. ஆனாலும் தீபாவளிப் பலகாரம் என்றால், வீட்டுக்குப் பின்னால் மூன்று கல்லைக் கூட்டி, ரப்பர் விறகை வைத்து, பெரிய சட்டியை ஏற்றினால்தான் பலருக்கு மனம் நிறைகிறது. அது நல்ல வழக்கந்தான். ஆனால், அந்தத் தீ கைமீறினால் என்ன செய்வது என்பதையும் நாம் தெரிந்திருக்க வேண்டும்.

தீ எரிவதற்கு எரிபொருள், காற்று, சூடு ஆகிய மூன்றும் தேவை. ஒன்றை எடுத்துவிட்டாலும் தீ படுத்துவிடும். பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் இந்தச் சிறு பாடமே ஆபத்தில் கைகொடுக்கும்.

எரிவாயு அடுப்பில் குமிழைத் திருப்பினால் நெருப்பு நின்றுவிடும். விறகடுப்புக்குக் குமிழ் இல்லை. கட்டையை வெளியே இழுப்பதுதான் அதற்குக் குமிழ். ஆகவே கொழுந்து உயர்ந்தால், சட்டியில் இடிக்காமல் கட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து, அவற்றின் மேல் மண்ணைப் போடுங்கள். வாளித் தண்ணீரை வீசாதீர்கள். கங்கில் விழும் தண்ணீர், ஆவியையும் சாம்பலையும் முகத்தில் அடிக்கும்.

சமையல் எண்ணெய் 180 பாகை சூட்டில் முறுக்கை நன்றாக வேகவைக்கும். சூடு ஏறிக்கொண்டே போனால் முதலில் புகையும். ஏறத்தாழ 350 பாகையைத் தாண்டினால் தானாகவே பற்றிக்கொள்ளும். புகை கிளம்பியவுடனே விறகை இழுத்துவிடுங்கள்.

சட்டியே பற்றிக்கொண்டால், அதைவிடப் பெரிய மூடியையோ எவர்சில்வர் தாம்பாளத்தையோ உங்கள் பக்கமிருந்து மெல்லத் தள்ளி மூடுங்கள். காற்று நின்றால் தீ அணையும். நன்றாக ஆறும்வரை திறந்து பார்க்காதீர்கள். திறந்தால் மீண்டும் பற்றும். எரியும் எண்ணெயில் தண்ணீர் மட்டும் கூடவே கூடாது. ஒரு குவளைத் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 குவளை அளவுக்கு விரியும். அது எரியும் எண்ணெயைத் தெறிக்க வைத்துக் கூரைவரை கொண்டுபோகும்.

இன்னொன்று: எரியும் சட்டியைத் தூக்காதீர்கள். ஒருமுறை தீபாவளி விடுமுறை முடிந்து, என் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி கையில் கட்டோடு வந்தாள். எரிந்த சட்டியை அவள் தாயார் அப்பால் கொண்டுபோக முயன்றபோது, பக்கத்தில் நின்ற பிள்ளையின் மேல் எண்ணெய் கொட்டிவிட்டது. "எண்ணெய் வீணாப் போகுதேன்னுதான் தூக்கினேன், வாத்தியாரையா" என்று அந்தத் தாய் அழுதார். சிக்கனம் பார்த்தே பழகிய கை அது. அவரை எப்படிக் குறை சொல்வது? ஆனால் அந்தப் பிள்ளை பல மாதம் எழுதுகோல் பிடிக்க முடியாமல் தவித்தாள்.

புண்ணில் பற்பசையைப் பூசியிருந்தார்கள். பற்பசை, கிச்சாப்பு, வெண்ணெய், பனிக்கட்டி எதுவும் வேண்டாம். வளையல், மோதிரத்தை வீங்குவதற்கு முன்பே கழற்றிவிட்டு, குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள்.

சேலையில் தீப்பிடித்தால் ஓடக்கூடாது. ஓடினால் காற்று தீயை வளர்க்கும். அங்கேயே படுத்து, முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு உருளுங்கள். அடுப்படியில் நைலான் சேலை வேண்டாம். உருகித் தோலில் ஒட்டும்.

தீ பலகைச் சுவருக்கோ கூரைக்கோ தாவிவிட்டால், அணைக்க நிற்காதீர்கள். பிள்ளைகளையும் முதியவர்களையும் அழைத்துக்கொண்டு வெளியேறுங்கள். புகை இருந்தால் குனிந்தோ தவழ்ந்தோ செல்லுங்கள். லயத்து வீடுகள் ஒட்டியே இருப்பதால் பக்கத்து வீடுகளையும் தட்டி எழுப்புங்கள். உடனே 999-ஐ அழைத்து, தோட்டத்தின் பெயர், எத்தனையாவது கட்டை, எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். தோட்டம் பட்டணத்திற்குத் தூரம்; தீயணைப்பு வண்டி வர நேரமாகும். 'பெயர் கெட்டுப்போகுமே' என்று தயங்கும் ஐந்து நிமிடத்தில் ஒரு லயமே போய்விடும். எதை எடுக்கவும் மீண்டும் உள்ளே போகாதீர்கள்.

தீபாவளி மழைக் காலத்தில் வருகிறது. விறகு ஈரமாக இருக்கும். மண்ணெண்ணெய்ப் புட்டியைக் கை தேடும். புகையும் கங்கில் அதை ஊற்றினால் தீ புட்டிக்கே ஏறிவரும். ஒரு வாரம் முன்பே விறகைக் காயவைத்து, அடுப்புக்குத் தள்ளி அடுக்கி வையுங்கள்.

ஆக, இம்முறை மாவு பிசைவதற்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள்: ஒரு வாளி மண், சட்டிக்குப் பொருந்தும் மூடி, சிறுவர்கள் தாண்டக்கூடாத ஒரு கோடு. அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் மூத்த பெண்ணிடம் இதைப் படித்துக் காட்டி, ஒருமுறை அவளையே மூடியைத் தள்ளி மூடச் சொல்லிப் பாருங்கள், அடுப்பு மூட்டாதபோதே.

எண்ணெய் போனால் வாங்கிக்கொள்ளலாம். பிள்ளையின் கை அப்படியல்ல.