அரிப்புக்குக் கத்தரிக்காய் மேல் மட்டும் பழி போடாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையாகப் படியுங்கள்.

நம் குடும்பக் குழுவில் அரிப்புக்கு வாரம் ஒரு வைத்தியம் வந்துகொண்டே இருக்கிறது. குப்பைமேனி, வேப்பிலை, அருகம்புல் சாறு, கருஞ்சீரகம் என்று எல்லாம் வந்துவிட்டது. எதிலும் "எந்த அரிப்புக்கு?" என்ற கேள்வி மட்டும் இல்லை. படர்தாமரையும் அரிக்கும், சிரங்கும் அரிக்கும், கரப்பானும் அரிக்கும். மூன்றும் வேறு வேறு. முதலாவது பூஞ்சை, இரண்டாவது கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பூச்சி தோலுக்குள் வளை தோண்டுவது, மூன்றாவது தோலே வறண்டு, சீண்டப்பட்டு, கோபித்துக்கொள்வது. ஒன்றுக்கு நல்லது இன்னொன்றுக்குக் கெடுதலாகலாம்.

தேங்காய் எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். கரப்பான் உள்ள குழந்தைக்குக் குளித்து ஈரம் முழுதும் காயும் முன்பே தடவினால் நல்ல பலன் தரும். பிலிப்பைன்ஸில் 117 குழந்தைகளிடம் செய்த ஆய்வு 2014-ல் வெளிவந்தது. மினரல் ஆயிலைவிடச் சுத்தமான தேங்காய் எண்ணெய் மேல் என்று அதில் தெரிந்தது. நம் பாட்டிமார் சொன்னதுதான். அதே எண்ணெயைத் தொடை இடுக்கில் உள்ள படர்தாமரைக்குத் தடவினால்? அந்த இடம் காய்ந்து இருக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கும் வியர்வையும் பூஞ்சைக்கு வசதி.

படர்தாமரைக்கு நம் முன்னோர் வைத்திருந்தது சீமை அகத்தி. வண்டுகொல்லி என்றும் சொல்வார்கள். மஞ்சள் மெழுகுவர்த்தி மாதிரி பூ நிமிர்ந்து நிற்கும். அந்த இலையில் பூஞ்சையை எதிர்க்கும் பொருள் உண்மையாகவே இருக்கிறது. பிலிப்பைன்ஸ் சுகாதாரத் துறை பரிந்துரைத்த பத்து மூலிகைகளில் இதுவும் ஒன்று. சிரங்குக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போடுவதையும் சிரிக்க வேண்டாம். 1992-ல் வெளிவந்த ஒரு முன்னோட்ட ஆய்வில் 814 பேருக்குப் போட்டுப் பார்த்து, 97 சதவீதம் பேருக்கு 3 முதல் 15 நாளில் குணமானதாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் வீட்டில் ஒருவர் மட்டும் பூசிக்கொண்டால் பயனில்லை. ஒரே பாயில் படுக்கும் எல்லோரும் ஒரே நாளில் வைத்தியம் செய்து, துணியையும் போர்வையையும் வெந்நீரில் அலசி வெயிலில் போட வேண்டும்.

ஆக, நான் மூலிகைக்கு எதிரி இல்லை. இயற்கை என்றாலே தீங்கில்லை என்ற பேச்சுக்குத்தான் எதிரி. வண்ணான் குறி போடும் சேராங்கொட்டையும் இயற்கைதான், பட்ட இடம் கொப்பளிக்கும். எருக்கம்பாலும் இயற்கைதான். அதைவிட மோசம், பெயரில் மட்டும் மூலிகையாக இருப்பவை. 1999-ல் லண்டனில் 11 சீன மூலிகைக் களிம்புகளைச் சோதித்தார்கள். அவற்றில் 8-ல் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்தது. "ஒரே நாளில் அரிப்பு நின்றது" என்று யாராவது லேபிள் இல்லாத டப்பாவை நீட்டினால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான்.

நம் ஊருக்கு வருகிறேன். குழித்தறியில் காலை முதல் மாலை வரை உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் நெய்கிறவருக்கு இடுப்பிலும் தொடையிலும் வியர்வை தேங்கும். பெண்களுக்குப் பாவாடை நாடா இறுகும் இடத்தில் ஆரம்பிக்கும். சொல்ல வெட்கம். மருத்துவரிடம் காட்ட அதைவிட வெட்கம். அதனால் மெடிக்கல் ஷாப்பில் குரலைத் தாழ்த்தி "அரிப்புக்கு ஒரு ட்யூப்" என்று கேட்டு வாங்குகிறார்கள். அதில் பூஞ்சை மருந்தோடு க்ளோபீட்டாசால் போன்ற கடுமையான ஸ்டீராய்டும் கலந்திருக்கும். இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், சிவப்பு மங்கும். "நல்ல மருந்து" என்று பக்கத்துத் தறிக்காரருக்கும் சொல்வார்கள். உள்ளே பூஞ்சை சாகவில்லை, தோலின் எதிர்ப்பு மட்டும் அடங்கிவிட்டது. நிறுத்தினால் வட்டம் பெரிதாகிக் கிளம்பும். மறுபடி ட்யூப். கடைசியில் தோல் மெலிந்து, பிரசவ வரி மாதிரிக் கோடுகள் விழும். அவை மறையாது.

இப்படிப் பட்ட ஸ்டீராய்டுக் களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு ஷெட்யூல் ஹெச் பட்டியலில் சேர்த்தது. சட்டம் தாளில் இருக்கிறது, ட்யூப் கடையில் கிடைக்கிறது. இதற்கிடையே வழக்கமான டெர்பினாஃபைன் மருந்துக்கே அடங்காத பூஞ்சை ஒன்று பரவி, 2020-ல் அதற்கு நம் நாட்டை நினைவூட்டும்படி ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 2023-ல் அது நியூயார்க் வரை போய்விட்டதாகச் செய்தி. நல்ல பெயர் வாங்க எத்தனையோ இருக்க, இதற்கா நம் நாட்டின் பெயர்!

சாயப் பட்டறையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கோராவைச் சோப்பும் சோடாவும் போட்டுக் காய்ச்சும்போதும், வெந்நீர்ச் சாயத்தில் கை விடும்போதும் தோலின் எண்ணெய்ப் பசை போய்விடும். கை வெடித்து அரிப்பது இரத்தம் கெட்டதால் இல்லை. எந்தக் கஷாயமும் அதை நிறுத்தாது. ரப்பர் கையுறையும், வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் தடவுவதும்தான் நிறுத்தும். கையுறைக்குள் தண்ணீர் போனால் உடனே கழற்றிவிடுங்கள்.

இனி சாப்பாடு. எனக்கு மனம் பொறுக்காத இடம் இது. குழந்தைக்குக் கொஞ்சம் அரித்தால் போதும், கரப்பான் பண்டம் என்று கத்தரிக்காய், கருவாடு, மீன், முட்டை என ஒவ்வொன்றாக நிறுத்துகிறார்கள். கடைசியில் ரசம் சோறுதான் மிச்சம். ஒரு பொருளைச் சாப்பிட்ட சிறிது நேரத்தில் ஒவ்வொரு முறையும் தடித்தால் அதை நிறுத்துங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள். படர்தாமரைக்கும் சிரங்குக்கும் முட்டை என்ன செய்யும்? வளரும் பிள்ளையின் புரதத்தைப் பிடுங்குவதுதான் மிச்சம். கொடுக்க வேண்டியதைக் கேட்டால் சொல்கிறேன்: முருங்கைக்கீரை, பருப்பு, முட்டை, கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ. சாப்பிட்டவுடன் டீ வேண்டாம், கீரையில் உள்ள இரும்பை உடம்பு எடுக்க விடாது. இரும்புச் சத்துக் குறைந்தாலே தடிப்பு இல்லாமல் உடம்பெல்லாம் அரிக்கலாம். சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு கோளாறிலும் அப்படி வரும். படர்தாமரை திரும்பத் திரும்ப வருகிறவர்கள் சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள்.

சித்த வைத்தியம்தான் வேண்டும் என்றால் முறையாகப் படித்தவரிடம் போங்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவு இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, நம் ஊரிலிருந்து ரயிலிலேயே போய்வரலாம். செதில் செதிலாக உதிரும் காளாஞ்சகப் படைக்கு வெட்பாலைத் தைலம் அவர்கள் கொடுப்பதுதான்.

இன்றே ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் இருக்கும் ட்யூபை எடுத்து, பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படியுங்கள். க்ளோபீட்டாசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் போட்டவர்கள் தாங்களாகத் திடீரென்று நிறுத்தினால் முன்பைவிட அதிகமாகக் கிளம்பும். அதனால் அந்த ட்யூபையும் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரைப் பாருங்கள். படர்தாமரை என்று சொன்னால், வட்டம் மறைந்த பிறகும் அவர் சொல்லும் நாள்வரை மருந்தை விடாதீர்கள்.