கலெக்டர் ஆபீஸ் வந்தது, நமக்கு வாடகைக்கு வீடு?

"சார், சொந்த ஊரு எது?"

"திண்டிவனம் பக்கம்."

"ஊருக்குள்ளயா, காலனியா?"

2022இல் மாறுதலாகி கள்ளக்குறிச்சியில் வீடு தேடியபோது பேச்சு பெரும்பாலும் இந்த மூன்றாவது வரியோடு முடிந்துவிடும். அதன்பிறகு வீட்டுக்காரரின் மகனுக்குத் திடீரென்று கல்யாணம் நிச்சயமாகும், இல்லையென்றால் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டியிருக்கும். பதினொரு வீடு பார்த்தேன். கடைசியில் குடும்பத்தை விழுப்புரத்திலேயே விட்டுவிட்டு ஒன்றரை வருடம் தினமும் பஸ்ஸில் போய்வந்தேன்.

2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதே மாதத்தில் தென்காசி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு. அடுத்த ஆண்டு மயிலாடுதுறை. பிரித்தது சரிதான். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி, திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு கொடுக்க விழுப்புரம் வரை வந்தவர்களுக்கு அது ஒருநாள் கூலி. வன்கொடுமை வழக்கில் நிவாரணத்துக்கு அலைகிறவருக்கு ஆட்சியர் அலுவலகம் பக்கத்தில் இருப்பது சின்ன விஷயமல்ல. அதை வரவேற்ற தோழர்களோடு எனக்குச் சண்டையில்லை.

ஆனால் அலுவலகம் மட்டும் வருவதில்லை. துறைக்குத் துறை ஊழியர்கள், வக்கீல்கள், ஜெராக்ஸ் கடை, மெஸ் எல்லாம் வருகிறது. ஏக்கர் கணக்கில் பேசிய நிலத்தைச் சதுர அடியில் பேசுகிறார்கள். யாருடைய நிலம்? ஊர்த்தெருவில் இருப்பவர்களுடையது. பட்டா இல்லாமல் புறம்போக்கில் தலைமுறையாகக் குடியிருக்கும் சேரிக்காரருக்கு இந்த விலையேற்றத்தில் ஒரு பைசா வராது. சாலையை அகலப்படுத்தும்போது அவர்தான் 'ஆக்கிரமிப்பாளர்'.

செங்கல்பட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் பறையர் மக்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கைதான் 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கப்படக் காரணமானது. அந்த நிலத்தைப் பட்டியல் சாதியினர் அல்லாதவர்களுக்கு விற்கக்கூடாது என்பது நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் இருக்கிறது, நிலம் கைமாறிவிட்டது. இப்போது அதே செங்கல்பட்டு மாவட்டத் தலைநகரம். மனை விலை ஏற ஏற, பஞ்சமி நிலத்தை மீட்பது இன்னும் கடினமாகும். மாவட்டம் பிரிக்கும் கோப்பில் பஞ்சமி நிலக் கணக்கெடுப்புக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கியிருக்கலாம்.

ஊழியர்கள் விஷயத்துக்கு வருகிறேன். அரசு வேலையில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு இட ஒதுக்கீடு. அதில் வேலைக்கு வந்தவர்களையும் புதிய மாவட்டத்துக்கு அனுப்புகிறது அரசு. போய் எங்கே தங்குவது என்பதை மட்டும் வீட்டுக்காரரின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறது. சிறு நகரம் என்பதால் வீட்டு வாடகைப்படியும் சென்னையைவிடக் குறைவு. வீட்டுக்காரர் அட்வான்ஸை உயர்த்தும்போது அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. இத்தனைக்கும் என்னிடம் மாதச் சம்பளமும் அடையாள அட்டையும் இருந்தன. எங்கள் அலுவலகத்தைப் பெருக்கிய ஒப்பந்தத் தொழிலாளி அக்காவுக்கு அதுவும் இல்லை.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே 2019தான். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்கிறது. சாதி கேட்டு வீடு மறுத்தால் தண்டனை என்று ஒரு வரி அதில் கிடையாது. 2005இல் குஜராத் பார்சி வீட்டுவசதி சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு சமூகத்தார் தங்களுக்குள் மட்டும் உறுப்பினர்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றே தீர்ப்பளித்தது.

ஆகவே ஆட்சியர் அலுவலகக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டும் அன்றே அரசு வாடகைக் குடியிருப்புக்கும் நாட்ட வேண்டும். கடைநிலை ஊழியருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அதில் வீடு வேண்டும். அலுவலக இடத்தை அறிவிக்கும் முன்பே சுற்றியுள்ள சேரிகளுக்குப் பட்டா கொடுக்க வேண்டும். வாடகைச் சட்டத்தில் அந்த ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். கும்பகோணத்தைத் தனி மாவட்டமாக்கக் கேட்கும் தோழர்கள், அடுத்த முறை மனு எழுதும்போது இவற்றையும் சேர்த்து எழுதுங்கள்.