தோல்வியும் நாவும்

சென்னையின் எஃப்.சி. தோற்கும் இரவுகளில் நம் செய்யூர் இளைஞர்கள் வீரர்களின் தாயையும் சேர்த்து ஏசுகிறார்கள். இது வருத்தமன்று, நாவின் பாவம். 2018இல் கோப்பை வென்ற அணி அடுத்த பருவத்தில் பத்து அணிகளில் பத்தாவதாயிற்று. மீண்டெழுந்து 2020 இறுதிப்போட்டி வரை வந்து ஏ.டி.கே.விடம் 3-1 எனத் தோற்றது. அன்றும் வசைதானே!

எதுவும் முந்த இயலாதிருந்த நபி (ஸல்) அவர்களின் ஒட்டகம் அள்பாவை ஒரு கிராமவாசியின் ஒட்டகம் முந்தியது. தோழர்கள் மனம் நொந்தனர். உலகில் உயர்ந்த எதனையும் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்றார்கள் நபியவர்கள். (விளையாட்டே வீண் என்போரும் இதைக் கவனிக்க.) அக்கிராமவாசியை எவரும் ஏசியதாக நாம் படித்ததில்லை.

அடுத்த முறை தோற்றால் கைப்பேசியை வைத்துவிட்டு உறங்குங்கள். சுப்ஹுத் தொழுகையில் சந்திப்போம்.