திரும்பி எழுவதும் தவக்குலே



ஆடி மாதத்தில் எங்கள் பாளையம்பட்டி வெட்டவெளியில் நின்றவர்களுக்குக் காற்றின் குணம் தெரியும். அது ஒரே சீராக வீசுவதில்லை. ஓய்ந்ததுபோல் இருந்து, திடீரென்று ஓங்கி அடிக்கும். அருப்புக்கோட்டைச் சாலையில் இருசக்கர வாகனத்தில் செல்பவரே தடுமாறுகிறார் என்றால், ஆகாயத்திலிருந்து இறங்குபவரின் நிலை என்ன?

2024 நவம்பர் 30 அன்று, ஃபெஞ்சல் புயலின்போது, சென்னையில் ஓர் இண்டிகோ விமானம் தரையை நெருங்கித் தள்ளாடி, மீண்டும் மேலெழுந்து சென்ற காணொளியை நம்மில் பலர் கண்டோம். அதனை விமானியின் தோல்வியாகக் கருதுவது தவறு. அவ்வாறு மேலெழுவதே அவருடைய கடமை.

பயிற்சி விமானமான செஸ்னா 172 போன்ற சிறு விமானங்களில் இது இன்னும் தெளிவாகப் புலப்படும். அது இறங்கும் வேகமே 60 முதல் 70 நாட் வரைதான். 15 நாட் வேகக் காற்று 25 நாட்டாகச் சீறி உடனே தணிந்தால், இறக்கைகளைத் தாங்கும் விசை குறைந்து விமானம் சட்டென்று கீழே அமிழும். எனவே அந்த வேறுபாட்டில் பாதியை, அதாவது 5 நாட்டை, விமானி இறங்கும் வேகத்துடன் கூட்டிக்கொள்கிறார். பக்கக் காற்று வீசினால், காற்று வரும் பக்கத்து இறக்கையைச் சற்றே தாழ்த்தி, மூக்கை ஓடுபாதைக்கு நேராக நிறுத்தி, அந்தப் பக்கத்துச் சக்கரத்தை முதலில் பதிக்கிறார். சக்கரம் தொட்டபின்னும், விமானம் நிற்கும்வரை அவருடைய கையும் காலும் ஓய்வதில்லை. இவ்வளவும் செய்தும் விமானம் நிலைகொள்ளாவிட்டால், முழு விசை கொடுத்து மேலெழுந்து மறுபடி சுற்றி வருகிறார்.

அந்த இறுதி முடிவு தவறினால் நேர்வது என்ன என்பதைக் கோழிக்கோடு நமக்குக் காட்டியது. 2020 ஆகஸ்ட் 7 அன்று, துபாயிலிருந்து 190 பேருடன் வந்த விமானம், மழையிலும் பின்காற்றிலும் ஓடுபாதையின் ஏறத்தாழப் பாதியைக் கடந்து தரை தொட்டு, எல்லை தாண்டிச் சரிந்தது. 21 உயிர்கள் பிரிந்தன. மேலெழும்படி உடனிருந்த விமானி கூறியும் இறக்கம் தொடர்ந்ததாக விசாரணை அறிக்கை தெரிவிக்கிறது. இறந்த விமானிகளைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. படிப்பினை பெறுவதே நோக்கம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் அல்லாஹ்வின்மீது நம்பிக்கை வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி திர்மிதீயில் பதிவாகியுள்ளது. முயற்சியைக் கைவிட்டு, "எல்லாம் விதி" என்று துணிவது தவக்குல் ஆகாது. எச்சரிக்கையும் தவக்குலின் ஒரு பகுதியே.

வளைகுடாவிலிருந்து வரும் மகனுக்காக மதுரை விமான நிலையத்தில் காத்திருக்கும் பெற்றோரே, தாமதம் கண்டு சினம் கொள்ளாதீர். இஃப்தாருக்கு நேரமாகிவிட்டதென்று வாகனத்தை விரட்டும் இளைஞர்களே, ஒரு பேரீச்சம்பழத்தை வழியில் நின்றும் உண்ணலாம். வீட்டில் நமக்காகக் காத்திருப்போர் வேண்டுவது நாம் விரைந்து வருவதையன்று; நலமாக வருவதையே.