ஒயினுக்குக் கல் சுவர், அத்தைக்கு கான்கிரீட்

கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் டொமினஸ் என்றொரு ஒயின் ஆலை இருக்கிறது. ஸ்விஸ் கட்டடக் கலைஞர்கள் ஹெர்ட்சாக், டி மியூரான் வடிவமைத்தது. 1990களின் இறுதியில் கட்டி முடித்தார்கள். அந்த வட்டாரத்திலேயே கிடைத்த பசால்ட் கற்களைக் கம்பிக் கூடைகளில் கொட்டி அடுக்கிய சுவர். மலைச்சாலை ஓரத்தில் மண் சரியாமல் இருக்க வைப்பார்களே, அதே கூடைதான். பகல் வெயிலைக் கல் வாங்கிக்கொள்கிறது, இரவில் விட்டுவிடுகிறது, உள்ளே பீப்பாய்கள் சூடேறாமல் தூங்குகின்றன. ஆர்க்கிடெக்சர் படிக்கும் நண்பர்கள் இந்தப் படத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பகிர்ந்து உருகுகிறார்கள். லோக்கல் மெட்டீரியல், சஸ்டெயினபிள், இத்யாதி.

அழகான கட்டடம்தான், அதோடு எனக்குச் சண்டை இல்லை. ஒயினுக்குச் சூடு ஆகாது என்று இவ்வளவு பெரிய மூளைகள் உட்கார்ந்து யோசிக்கின்றன. மே மாதம் 40 டிகிரியில் கீழ்பென்னாத்தூரில் வேகும் மனிதருக்குச் சூடு ஆகாது என்று யோசிக்க இங்கே யாருக்கும் சம்பளம் இல்லை. சண்டை அங்கேதான்.

சேமிக்கும் பொருளுக்குத் தடித்த சுவர் வேண்டும் என்பது நமக்குத் தெரியாத விஷயமா? எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் செஞ்சி. கோட்டையில் இருக்கும் நெற்களஞ்சியத்துக்குள் மதியம் 2 மணிக்குப் போய் நின்று பாருங்கள், புரியும். அவ்வளவு தூரம்கூட வேண்டாம். மண்ணும் வைக்கோலும் குழைத்துச் செய்த குதிர் எங்கள் பாட்டி வீட்டில் இருந்தது. நெல்லுக்கு என்ன தேவை என்று யோசித்துச் செய்த ஒரு கட்டடம் அது, மூன்றடி அகலத்தில்.

இப்போது அத்தை வீட்டுக்கு வருவோம். 2024இல் அறிவித்த 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டம் 2030க்குள் 8 லட்சம் வீடுகள் என்கிறது. ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய், 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்கு ஆர்.சி.சி. தளம். குடிசை இல்லாத தமிழ்நாடு என்பது நல்ல நோக்கம், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் நாம் இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து 12 டிகிரி வடக்கே. கோடையில் சூரியன் உச்சந்தலைக்கு மேல் நிற்கிறது. சுவரைவிடக் கூரைதான் வெயிலை அதிகம் குடிக்கிறது. நாலைந்து அங்குல கான்கிரீட் தளம் குடித்த வெயிலை இரண்டு மூன்று மணி நேரத்தில் உள்ளே இறக்கத் தொடங்கிவிடும். மாலை முழுக்க இறக்கிக்கொண்டே இருக்கும். அத்தை ராத்திரி வாசலில் பாய் போட்டுப் படுக்கிறார்.

"உள்ள படுக்க முடியல, ஆனா மெத்தை வீடுடா. ஒழுகல. பாம்பு வரல" என்கிறார். இந்த வாக்கியத்தின் இரண்டாம் பாதியைக் காதில் வாங்காமல் மண் வீடு பற்றிப் பேசுகிறவர்கள்மேல்தான் எனக்கு இன்னும் அதிகக் கோபம்.

திருவண்ணாமலை இந்த விஷயத்தில் வினோதமான ஊர். பிஜு பாஸ்கரின் 'தண்ணல்' போல, சுண்ணாம்பையும் மண்ணையும் பழைய கைகளிடமிருந்து கற்று, மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அது உழைப்பு, மரியாதைக்குரியது. அதைச் சுற்றிலும் வேறொரு கூட்டம் வளர்ந்திருக்கிறது. பெங்களூருவில் என்னைப் போல லேப்டாப் தட்டிச் சம்பாதித்த பணத்தில் மலையடிவாரத்தில் மண் வீடு கட்டி, "எளிமைக்குத் திரும்பினோம்" என்று போஸ்ட் போடுகிறவர்கள். நண்பா, நீ திரும்பவில்லை, முதல்முறையாக வருகிறாய். உன் மண் சுவருக்குப் பெயர் ஈஸ்தடிக். பக்கத்துக் கிராமத்தில் அதே செம்மண் சுவருக்கு அரசாங்கப் பதிவேட்டில் பெயர் கச்சா வீடு.

அந்தச் சுவரை வாரம் தவறாமல் சாணி கரைத்து மெழுகியது யார்? ஒவ்வொரு மழைக்கும் முன்னால் பொத்தலை அடைத்தது யார்? எங்கள் வீடுகளில் அது பெண்கள் வேலை, கூலி இல்லாத வேலை. மெயின்டனன்ஸ் காஸ்ட் மிகக் குறைவு என்று எழுதும் கட்டுரைகள் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை. கூரைக்குத் தீ பிடிக்கும் என்பதையும் போடுவதில்லை. 2004இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் எரிந்த கூரை எது என்று நினைவிருக்கிறதா?

ஏழைகளுக்கு மண் வீடு என்று மேலிருந்து சொன்னால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. எகிப்தில் ஹசன் ஃபாத்தி 1940களில் லக்சர் பக்கத்தில் புது குர்னா என்று ஒரு கிராமத்தையே மண் கல்லில் கட்டினார். மேதை. குடிபோக வேண்டியவர்கள் வர மறுத்துவிட்டார்கள். மாடமாக எழும் கூரை அவர்களுக்குச் சமாதியை நினைவூட்டியது என்பார்கள். பழைய ஊரை விட்டால் பிழைப்பு போகும் என்பதும் இருந்தது. யாரும் அவர்களை முதலில் கேட்கவில்லை.

அப்போ என்னதான் செய்யச் சொல்ற என்பீர்கள். நாபாவை நகலெடுப்பது தீர்வல்ல. அங்கே இரவு நன்றாகக் குளிர்கிறது, கல் தன் சூட்டைக் கொட்டிவிட முடிகிறது. இங்கே மே மாத இரவு அவ்வளவு தாராளம் கிடையாது. நமக்குக் கூரையில்தான் வேலை. லாரி பேக்கர் கேரளத்தில் பல பத்தாண்டுகள் செய்து காட்டிய ஃபில்லர் ஸ்லாப் அதற்கு ஒரு வழி. தளத்தின் கீழ்ப்பகுதியில் கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லாத இடங்களில் பழைய ஓடுகளைப் பதித்துவிடுவது. சிமென்ட் மிச்சம், ஓட்டுக்குள் சிக்கிய காற்று வெப்பத்தையும் கொஞ்சம் தடுக்கும். முக்கியமாக, அதுவும் ஆர்.சி.சி.தான். ஒழுகாது, எரியாது, அத்தையின் மெத்தை வீடு மெத்தை வீடாகவே இருக்கும். மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் இன்னும் இறங்கும். சுவருக்கு, ஊர்ச் செம்மண்ணில் கொஞ்சம் சிமென்ட் கலந்து அழுத்திய கல். அதற்கு ஐ.எஸ். 1725 என்று இந்தியத் தரநிர்ணயமே இருக்கிறது, 2013இல் திருத்தியும் விட்டார்கள். ஆரோவில்லில் அந்தக் கல்லில் மாடிக் கட்டடங்களே நிற்கின்றன. இதில் ஆன்மிகம் ஒன்றும் இல்லை. இன்ஜினியரிங்தான்.

பணம் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். சிமென்ட்டுக்கும் கம்பிக்கும் கொடுத்த காசு அன்றைக்கே ஊரை விட்டுப் போய்விடுகிறது. கல் அழுத்தவும் அடுக்கவும் கொடுத்த கூலி கீழ்பென்னாத்தூர் மளிகைக் கடை வரைக்குமாவது வரும்.

எனக்குத் தெரிந்த ஒரு கொத்தனாரிடம் இதையெல்லாம் உற்சாகமாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். பீடியை அணைத்தார். "எல்லாம் சரி தம்பி. எனக்கு ஓடு வெச்சு தளம் போடவும் தெரியும், எங்கப்பா போட்டிருக்காரு. ஆனா பில்லு போட வர்ற சார் எம்-புக்குல என்னன்னு எழுதுவாரு? அவர்கிட்ட இருக்கிற எஸ்டிமேட்ல ஓடுன்னு ஒரு வரியே இல்லியே" என்றார்.