சோவியத் நாவலும் எங்கள் பட்டுத்தறியும்

வேதியியல் படிப்பவனுக்கு நாவலில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். நான் கண்ணமங்கலத்துத் தறிக்காரர் மகன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். எங்களைப் பற்றி எழுதிய நாவல் ஒன்று உண்டென அறிந்தபோது படிக்காமல் இருக்க முடியவில்லை.

1934இல் மாஸ்கோவில் கூடிய எழுத்தாளர் மாநாடு, சோஷலிச யதார்த்தவாதமே எழுத்தின் நெறி என்றது. கார்க்கி 1906இல் எழுதிய 'தாய்' அதற்கு முன்மாதிரியாயிற்று. 'தாய்' நாவலைத் தமிழாக்கிய தொ.மு.சி. ரகுநாதன், 1953இல் 'பஞ்சும் பசியும்' எழுதிக் கைத்தறி நெசவாளரைக் கதை மாந்தராக்கினார். சோவியத் ஒன்றியம் 1991இல் மறைந்தது, மரபு மறையவில்லை. திண்டுக்கல் தோல் தொழிலாளரைப் பாடிய டி. செல்வராஜின் 'தோல்' 2012இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றது. உழைப்பவனும் நாவலுக்கு நாயகனாகலாம் என்று காட்டியது இம்மரபின் பெருங்கொடை.

ரகுநாதனின் நாவலை அப்பாவுக்குத் தறியருகே அமர்ந்து சில மாலைகள் படித்துக் காட்டினேன். நாடா ஓட்டியபடியே கேட்டார். "நம்ம கதையாவே இருக்குது. நம்ம முதலாளிய மட்டும் எந்தப் பக்கத்துல வெக்கிறதுன்னு தெரியலப்பா" என்றார்.

நான் வாயடைத்துப் போனேன். பாவு கொடுத்துக் கூலிக்கு நெய்யச் சொல்லும் அந்த முதலாளிதான் என் கல்லூரிச் செலவுக்கும் முன்பணம் தந்தவர். அந்தக் கடன் நிற்பதால்தான் கூலியைக் கூட்டிக் கேட்க அப்பாவுக்கு நா எழவில்லை. கை கொடுத்தவரும் அவரே. கையைக் கட்டியவரும் அவரே. நல்லவர் ஒரு புறம், தீயவர் மறு புறம் என்று பிரிக்கும் கதையில் அவருக்கு இடமேது?

இக்குறை சோவியத் எழுத்து முழுவதற்கும் உரியதன்று. 1958இல் வந்த ஐத்மாத்தவின் 'ஜமீலா', போர்முனையில் கணவன் இருக்க வேறொருவனோடு சென்ற பெண்ணைத் தூற்றாமல் பரிவோடு பார்க்கிறது.

ஆகவே என் கருத்து இதுதான்: உழைப்பவனைப் பார்க்கும் கண்ணை அம்மரபிடமிருந்து பெறுவோம்; முன்கூட்டியே எழுதிவைத்த தீர்ப்பை விட்டுவிடுவோம். பஞ்சின் கதையை ரகுநாதன் சொல்லிவிட்டார். பட்டின் கதை காத்திருக்கிறது. தறிக்குழியில் கால் வைத்து வளர்ந்த நம்மில் ஒருவர்தாம் அதை எழுத வேண்டும். அதில் அப்பா கேட்ட கேள்விக்கும் இடமிருக்க வேண்டும்.